சாணவாயுவுக்கு அரக்கு முத்திரை

"குழாயைக் கழட்டுங்கோ எண்டு சொல்லுறன், அம்மா. முதலிலை குழாயை…"

"கழட்டினா மருந்து…"

"மருந்து வேறை விசயம். நான் வந்தது வாயு…"

"வாயு நிண்டா எஞ்சின் நிக்கும், எஞ்சின் நிண்டா பெட்டி நிக்கும், பெட்டி நிண்டா…"

"அம்மா, என்னை ஒருக்காக் கதைக்க விடுங்கோ."

"விடியத்துவக்கம் நீங்கள்தானே ஐயா கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்."

அது உண்மைதான். முல்லைத்தீவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர் இன்னும் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. வெள்ளைக் காற்சட்டை, கக்கத்தில் தோற்பை, சீராகக் கத்தரித்த மீசை. பெயர் தில்லைநாதன். வாயு, சுடர், ஒளி ஒழுங்காக்கல் உபகந்தோரின் பரிசோதகர். அப்படியொரு கந்தோர் இருப்பது, மாங்குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டிக் குளத்தடியில் குடியேறிய அறுபது குடும்பங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியவந்தது.

அவருக்கு முன்னால், மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழி. குழிக்குள் கரைத்த சாணம். சாணத்தின்மேல் கவிழ்த்து மிதக்கவிட்ட பெரிய இரும்புத் தொட்டி. தொட்டியின் தலையிலிருந்து ஒரு சிவப்பு றப்பர் குழாய் புறப்பட்டு, இரண்டு பேர் தூக்கக்கூடிய ஒரு சின்ன எஞ்சினுக்குள் போனது. எஞ்சின் பெற்றோல் இல்லாமல் டக்டக்கென்று ஓடியது. அதிலிருந்து ஒரு வயர் வீட்டுக்குள் போனது. வீட்டுக்குள் சாமிப்படங்களுக்குக் கீழே ஒரு வெள்ளைக் குளிர்ப்பெட்டி உறுமியது. அதற்குள் பாம்புக்கடி மருந்து, பன்னிரண்டு குப்பி.

இந்தப் பெட்டி அந்த வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். முந்திய வருடம் குடியேற்றத்துக்கு ஒரு மருந்துச்சாலை கட்டினார்கள். சுவர் எழுந்தது, ஓடு போட்டார்கள், கதவும் பூட்டும் வந்தன. நாடா வெட்ட வேண்டிய பெரிய மனிதருக்கு நாள் மட்டும் வரவில்லை. நாடா வெட்டாத கட்டடத்தைத் திறக்க முடியாது. ஆனால் மருந்து வந்துவிட்டது. மருந்தைக் குளிரில் வைக்கப் பெட்டியும் வந்துவிட்டது. பெட்டி மின்சாரத்தில் ஓடுவது. குடியேற்றத்திலோ மின்சாரம் இல்லை. இதை யாரோ ஒருவர் பிந்திக் கவனித்து மின்சாரம் எடுக்க ஓர் எஞ்சினையும் அனுப்பினார். எஞ்சினுக்குப் பெற்றோல் வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டியவர் அப்போது லீவில் இருந்தார்.

"எங்கடை வீட்டிலை வையுங்கோ" என்று கேட்டு வாங்கியவள், இப்போது பரிசோதகரோடு மல்லுக்கு நிற்கும் பத்மாசனி. ஏன் என்று அந்தக் குடியேற்றத்தில் யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னர், அறுவடைக் காலத்தில், அவளுடைய ஒரே மகன் பாலனைப் புடையன் பாம்பு கடித்தது. வண்டிலில் கிடத்தி மாங்குளத்துக்குக் கொண்டு போனார்கள். வண்டில் மாங்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாலன் போய்ச் சேரவில்லை.

வீட்டிலிருந்த பெற்றோலையெல்லாம் எஞ்சின் குடித்து முடித்தபோது அவளுடைய புருசன் பரமலிங்கம், இந்தியாவிலிருந்து வந்த ஒரு துண்டுப்பிரசுரத்தை வைத்துக்கொண்டு, யுத்தகாலத்து விமானத்திடலில் கழித்துவிட்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றை வவுனியாவிலிருந்து இழுத்து வந்தான். பதினான்கு மாடு. ஒரு குழி. ஒரு மாதம். பெட்டி மறுபடி குளிர்ந்தது.

"பெற்றோலிலை ஓடினா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் தில்லைநாதன்.

"அப்ப பெற்றோல் தாங்கோ."

"மருந்துச்சாலை திறந்தாப்பிறகு தருவினம்."

"எப்ப திறக்கிறது?"

"அது வேறை கந்தோர்."

"ஐயா, இன்னும் நாப்பது நாளிலை அறுவடை" என்றான் பரமலிங்கம். "வயலுக்கை ஆள் இறங்கும். ஆளுக்கு முந்திப் புடையன் இறங்கிக் கிடக்கும். அந்த நேரம் மருந்து குளிரிலை இருக்கவேணும். அவ்வளவுதான் எங்களுக்கு."

"நல்ல விசயம். அதுக்குத்தான் சொல்லுறன், விண்ணப்பம் போடுங்கோ. நாப்பது நாள் கிடக்குத்தானே. அதுவரைக்கும் நான் முத்திரை வைக்கிறன்."

பையைத் திறந்து ஒரு சிவப்பு அரக்குக் கட்டியையும் பித்தளை முத்திரையையும் ஒரு நெருப்புப் பெட்டியையும் எடுத்தார். எஞ்சினை நிற்பாட்டி, குழாயை உருவி, தொட்டியின் தலையிலிருந்த திருகுக்குக் கிட்டப் போனார்.

"நெருப்பு வேண்டாம் ஐயா" என்றான் பரமலிங்கம்.

"உருக்காமல் அரக்கு ஒட்டுமோ?"

"அங்காலை தள்ளி நிண்டு உருக்குங்கோ."

"விதியிலை 'பொருளின் அருகில்' எண்டு கிடக்கு."

"வாயு இன்னும் கசியுது, ஐயா."

"கசியிறபடியாத்தானே முத்திரை வைக்கிறன்."

குச்சியைக் கிழித்தார். ஒரு நீல நாக்கு, பெரிய சத்தம் ஒன்றுமில்லாமல், வந்து அவரை நக்கிவிட்டுப் போனது. புகை விலகியபோது மீசையில் இடது பக்கம் இல்லை. தில்லைநாதன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: வாயு உண்டு. எரியும் தன்மை உண்டு. பரிசோதகர் நேரில் கண்டு உறுதிப்படுத்தினார்.

பத்மாசனி உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். அரக்கைக் குசினி அடுப்பில் உருக்கிச் சிரட்டையில் ஏந்தி வந்து கொடுத்ததும் அவள்தான். இல்லாவிட்டால் அந்த மனிதர் மற்றப் பக்க மீசையையும் இழந்திருப்பார்.

"எண்ணெய்க்கு நன்றி, அம்மா" என்றார் போகும்போது. "முத்திரையை மட்டும் தொட்டிடாதையுங்கோ. உடைஞ்சுதெண்டா நான் ஒண்டும் செய்யேலாது. உங்கடை காணிப் பேர்மிற் போயிடும்."

ஐந்து ஏக்கர் வயல், வீடு, கிணறு எல்லாம் அந்தப் பேர்மிற்றில்தான் நின்றன. முத்திரையை யாரும் தொடவில்லை.

*

ஆனால் மருந்து நாற்பது நாள் சூட்டில் கிடக்க முடியாது. பத்மாசனி வாசற் படலையில் நின்று யாகப்புவை மறித்தாள். யாகப்பு முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன்பெட்டியைப் பஸ் கூரையில் ஏற்றிவந்து, சந்தியில் இறக்கிச் சைக்கிளில் கட்டிக் குடியேற்றம் முழுவதும் விற்பவன்.

"ஐஸோ? மீன் பழுதாப் போச்சோ, அக்கா?"

"மீனுக்கில்லை. மருந்துக்கு."

"ஆருக்கு வருத்தம்?"

"இன்னும் ஒருத்தருக்குமில்லை."

"வருத்தம் வர முந்தி மருந்து காக்கிறியள். எங்கடை மனுசி மீன் படமுந்திப் புளி கரைக்கிற மாதிரி."

"தருவியோ மாட்டியோ?"

"தராமல்? கரைக்கு மீன் லொறியிலை வாற ஐஸிலை ஒரு பாளம் எடுத்தா ஆர் கேக்கப்போகினம்? உங்கடை பாலன் என்ரை சைக்கிளுக்கு எத்தினை தரம் காத்தடிச்சு விட்டவன்." சைக்கிளைச் சாய்த்து வைத்தான். "ஆனா ஒண்டு. மரத்தூள் ஒட்டியிருக்கும். சூடை மீன் மணக்கும்."

"மணக்கட்டும்."

கிழமைக்கு இரண்டு தரம் ஐஸ் வந்தது. ஓடாத குளிர்ப்பெட்டிக்குள் ஐஸை வைத்து, ஐஸுக்குள் மருந்தை வைத்தார்கள். பெட்டியைத் திறந்தால் வீட்டுப் பூனை சாமிப்படத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும்.

*

விண்ணப்பம் நாலு பக்கம். முல்லைத்தீவில், மூன்று அறைக் கந்தோரில், தலைமை எழுதுவினைஞர் அப்புத்துரை அதை விரித்து வைத்துக்கொண்டார். வயதானவர், பாசமாகப் பேசுவார். பத்மாசனிக்கு இருக்கக் கதிரை தந்தார்.

"பொருளின் வகை. மண்ணெண்ணெயோ, பெற்றோலோ, மெழுகோ, கற்பூரமோ?"

"சாணவாயு, ஐயா."

"அது இதிலை இல்லையே, அம்மா."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒண்டும் செய்யவேண்டாம். நான் 'கற்பூரம், ஏனையவை' எண்டு போடுறன். ஆனா ஏனையவை எண்டு போட்டா மாதிரி காட்ட வேணும். அடுத்த முறை வரேக்கை கொஞ்சம் கொண்டு வாங்கோ."

"என்னத்தை?"

"வாயுவை."

பத்மாசனி பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை யோசித்தாள். பரமலிங்கமும் யோசித்தான். திருகுக்கு முத்திரை, ஆகவே சாணத்தை ஒரு பீப்பாவில் கரைத்து மூடி, எட்டு நாள் காத்திருந்து, அதில் ஊறிய வாயுவை ஒரு லொறி ரியூப்புக்குள் அடைத்தான். ரியூப் உருண்டு திரண்டு வந்தது. அதைத் தோளில் கொழுவிக்கொண்டு பத்மாசனி பஸ் ஏறினாள்.

"இதென்னக்கா, சில்லோ?" என்று கேட்டார் கொண்டக்டர்.

"வாயு."

"ஆரின்ரை?"

"எங்கடை மாட்டின்ரை."

பக்கத்திலிருந்தவர் எழும்பி, நிற்பதுதான் தனக்குச் சுகம் என்று ஒட்டுசுட்டான் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

அப்புத்துரை ரியூப்பைக் கண்டதும் மகிழ்ந்து போனார். தட்டிப் பார்த்தார். நீளம், அகலம் அளந்து எழுதினார்.

"நல்ல மாதிரி. இனி இதைக் கோவையோடை சேக்கவேணும்."

"எப்பிடிச் சேப்பியள்?"

"முப்பது வருசமா எப்பிடிச் சேக்கிறனோ அப்பிடித்தான்."

இந்தக் கந்தோர் என்றில்லை, எல்லாக் கந்தோரிலும் அந்த வழக்கம் உண்டு. கடுதாசி என்றாலும், படம் என்றாலும், ஒருமுறை ஒருவர் சான்றாகக் கொண்டுவந்த செருப்பு என்றாலும், இடது மேல் மூலையில் கோவை ஊசியால் ஒரு துளை போட்டு, பச்சை நூல் கோத்து முடிவார்கள். அப்புத்துரை லொறி ரியூப்பின் இடது மேல் மூலை எது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓர் இடத்தைத் தீர்மானித்தார்.

"ஐயா, ஊசி வேண்டாம்…"

"கோவையிலை சேராத பொருளைக் கந்தோர் பாக்கேலாது, அம்மா."

குத்தினார்.

ஏழு உத்தியோகத்தரும் முற்றத்து வேம்புக்குக் கீழே போய் நின்றார்கள். பியோன் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தான். மணம் போனபின் அப்புத்துரை உள்ளே வந்து, துவண்டு கிடந்த ரியூப்பில் பச்சை நூலை ஒழுங்காக முடிந்து, கீழே எழுதினார்: மாதிரி பெறப்பட்டது. பெறப்பட்டபின் காணப்படவில்லை.

"இன்னொண்டு கொண்டு வாங்கோ, அம்மா. மனம் நோகாதையுங்கோ. இது எங்களுக்கும் புதுசு."

இரண்டாவது ரியூப்புக்குத் துளை போடவில்லை; நூலால் சுற்றிக் கட்டினார்கள். அது பத்மாசனியின் யோசனை. அப்புத்துரை அதைத் தன் யோசனையாகக் கோவையில் எழுதினார். ஆனால் நூலைக் கட்டி முடித்ததும் அவர் முகம் வாடியது.

"குறி எங்கை?"

"என்ன குறி?"

"மாட்டுக்குறி. வன்னியிலை மாடு காட்டிலை மேயுது. ஆரின்ரை மாடு எண்டு குறியைப் பாத்துத்தானே சொல்லுறம்? தோல் விக்கிறவன் தோலிலை குறி காட்டுறான். இறைச்சி விக்கிறவனும் தோலைக் காட்டிப்போட்டுத்தான் விக்கிறான். இது மாட்டிலையிருந்து வந்த சாமான். இதுக்குமட்டும் விலக்கெண்டா, மற்றவங்கள் எங்களை என்ன கேப்பாங்கள்?"

"வாயுவிலை எப்பிடி ஐயா குறி சுடுறது?"

"அதை உங்கடை விதானையார் பாப்பார். எத்தினை மாடு?"

"பதினாலு."

"பதினாலும் உங்கடை குறிதானே?"

அந்த இடத்தில் பத்மாசனி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. "பன்ரண்டு எங்கடை. ரண்டு, சின்னராசா அண்ணையிட்டை வாங்கினது. அவரின்ரை குறி."

அப்புத்துரை பேனையை வைத்தார்.

"அப்ப அந்த ரண்டு மாட்டின்ரை வாயுவை வேறாக்கித் தாங்கோ."

அந்த இரண்டு மாட்டையும் பத்து நாள் புளியமரத்தடியில் தனியே கட்டினார்கள். அவை என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் கத்திக்கொண்டு நின்றன. மற்றப் பன்னிரண்டின் சாணத்தில் மூன்றாவது ரியூப் தயாரானது. ஊர்த்தலைவரான விதானையார் வீரகத்தி, கொப்பி, குறிக்கம்பி, சிரட்டைக்கரி சகிதம் வந்து, முற்றத்தில் நெருப்பு மூட்டினார். கம்பி சிவந்தது.

"பிடியுங்கோ ரியூப்பை" என்றார்.

"விதானையார், போன மாதம் இஞ்சை ஒரு ஐயா வந்தவர்" என்றாள் பத்மாசனி. "வரேக்கை முழு மீசை. போகேக்கை அரை மீசை."

வீரகத்தி தன் மீசையைத் தடவிக்கொண்டார். கம்பியை மெதுவாக நிலத்தில் வைத்தார். "தாராலை எழுதினாலும் குறிதான்" என்றார். "நான் கண்டதெண்டு கையெழுத்து வைக்கிறன்."

*

ஒன்பதாவது முறை போனபோது அவளைப் பெரியவரிடம் கூட்டிப் போனார்கள். உபகந்தோரின் அத்தியட்சகர் அவர். அவருடைய அறையில் மட்டும் மேலே ஒரு காற்றாடி இருந்தது; சுற்றவில்லை. மின்சாரம் எடுக்க அந்தக் கந்தோர் தனக்குத்தானே எழுதிய விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருந்தது.

"ஐயா, கதிர் முத்திப்போச்சு" என்றாள் பத்மாசனி. "அடுத்த கிழமை ஆள் இறங்குது. மீன் ஐஸிலை வைச்சு மருந்தைக் காக்கிறம். நீங்கள் ஓமெண்டு சொன்னா இண்டைக்கே எஞ்சினை ஓட்டலாம்."

"அம்மா, இருங்கோ. பதறாதையுங்கோ." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இந்தக் கதிரையிலை பதினொரு வருசம். இந்தப் பதினொரு வருசத்திலை எங்கடை அனுமதியோடை ஓடின ஒரு எஞ்சின் வெடிச்சிருக்கோ? ஒரு குடிசை எரிஞ்சிருக்கோ? ஒருத்தருக்கு ஒரு கொப்புளம் போட்டிருக்கோ? இல்லை. மாகாணத்திலையே விபத்தில்லாத கந்தோர் எண்டு எங்களுக்குப் பேர். எப்பிடி?"

"எப்பிடி ஐயா?"

"ஒண்டுக்கும் அனுமதி குடுக்கேல்லை."

பெரியவர் கண்ணாடியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"அது லேசான வேலை எண்டு நினைக்கிறியள். ஓமெண்டு சொல்ல ஒரு நிமிசம் காணும். இல்லை எண்டு சொல்லவும் ஒரு நிமிசம் காணும். ஓமெண்டும் சொல்லாமல் இல்லையெண்டும் சொல்லாமல், ஒரு ஆளை ஒன்பது தரம் வரப்பண்ணுறதுக்கு எத்தினை பேரின்ரை உழைப்பு வேணும் தெரியுமோ? இதிலை ஏழு பேர் வேலை செய்யினம். சனிக்கிழமையும் வருகினம். உங்களைப்போலை சனம் வாறபடியாத்தான் இந்தக் கந்தோர் நிக்குது. அதுக்கு நான் நன்றி சொல்லவேணும்."

"அதுக்கிடையிலை பாம்பு கடிச்சா?"

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மெய்யாகவே தேடினார்.

"பாம்பு எங்கடை கந்தோருக்குக் கீழை வாறதில்லை, அம்மா."

*

பங்குனி பிறந்து நெல் வெட்டுத் தொடங்கியது. யாகப்பு செவ்வாய்க்கிழமை வந்து ஐஸை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இது பெரிய கிழமை. வியாழன், வெள்ளி எங்கடை ஆக்கள் கடலுக்குப் போகாயினம். லொறியும் வராது. இனி உயிர்த்த ஞாயிறு கழிஞ்சுதான்."

"இது எத்தினை நாள் நிக்கும்?"

"சாக்காலை நல்லா மூடினா வியாழன் வரைக்கும்."

"பிறகு?"

"பிறகு நான் கோயில்லை நிப்பன். உங்களுக்கும் சேத்து மண்டாடுறன்."

வியாழன் பின்னேரம் ஐஸ் தண்ணியாகிவிட்டது. வெள்ளி முழுவதும் பத்மாசனி கிணற்றுத் தண்ணீரில் சாக்கை நனைத்து நனைத்துப் பெட்டிக்குள் போட்டாள். தாங்கள் வெட்டாவிட்டால் கதிர் கொட்டிவிடும் என்பதால் பரமலிங்கமும் ஆட்களும் வயலில்தான் நின்றார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். படலையடியில் ஒரு ஜீப் வந்து நின்றது. தில்லைநாதன் இறங்கினார். மீசை இரண்டு பக்கமும் வளர்ந்து, முன்னையிலும் சிறப்பாக இருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா, கிடைச்சிட்டுது."

"என்னது?"

"அனுமதி. பதினொரு வருசத்திலை எங்கடை கந்தோர் குடுத்த முதல் அனுமதி. உங்கடை வாயுவை எஞ்சினிலை பூட்டலாம்." கடுதாசியை அவளுடைய கையில் வைத்தார். குனிந்து, தொட்டியின் திருகிலிருந்த தன் முத்திரையைத் தானே உடைத்தார்.

பத்மாசனி சிவப்புக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயா, நல்லா இருப்பியள். இப்பவே பூட்டட்டோ?"

"பூட்டலாம். அதுக்கு முந்தி இன்னொரு கடுதாசி." பையிலிருந்து எடுத்தார். "முப்பது நாளுக்கு மேலை ஓடாமல் கிடக்கிற அரசாங்க எஞ்சினைத் திருப்பி எடுக்கவேணும். இது ஓடேல்லைத்தானே?"

"நீங்கள்தானே முத்திரை வைச்சனீங்கள்."

"ஓம். அதாலைதான் ஓடேல்லையெண்டு எனக்கு நிச்சயமாத் தெரியும்."

றைவரும் உதவியாளும் எஞ்சினைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். பத்மாசனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சினைக் கொண்டு போனா, ஐயா, வாயுவை எதிலை பூட்டுறது?"

"அனுமதி உங்கடை கையிலை கிடக்கு. அது பெரிய விசயம். எஞ்சினுக்குப் புதுசா ஒரு விண்ணப்பம் எழுதுங்கோ." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கெண்டபடியாச் சொல்லுறன். பெரியவர் கையெழுத்து வைக்க முதல் யோசிச்சவர். பிறகு எஞ்சின் திரும்பி வருகுது எண்டு கேள்விப்பட்டாப்பிறகுதான் வைச்சவர். எஞ்சின் இல்லாத இடத்திலை அனுமதி குடுத்தா ஒரு பயமும் இல்லையெண்டு சொன்னவர்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வயற்பக்கமிருந்து குரல் கேட்டது. முதலில் ஒருவன், பிறகு பலர். வரம்பால் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பரமலிங்கம். இடது கையைத் தன்னுடையதில்லை என்பதுபோல் தூர நீட்டிப் பிடித்திருந்தான்.

"புடையன்" என்றான். குரல் அமைதியாகத்தான் இருந்தது. "கதிரைக் கூட்டிப் பிடிச்ச கையிலை."

அயல்வீட்டில் குடியிருந்த மருத்துவமாது சிவனேஸ்வரி ஊசிப்பெட்டியோடு ஓடிவந்தாள். குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். ஈரச்சாக்கைத் தள்ளிவிட்டுக் குப்பிகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இதிலை குளிர் இல்லை."

"வியாழனிலையிருந்து இல்லை."

"வேலை செய்யுமோ தெரியாது."

"போடு."

போட்டாள். அறை முழுவதும் சூடை மீன் மணத்தது. பரமலிங்கம் கண்ணைத் திறந்து, "நல்ல கறி மணம்" என்றான். பிறகு கதைக்கவில்லை.

"இது காணாது" என்றாள் சிவனேஸ்வரி. "ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். இப்பவே."

எல்லோரும் ஜீப்பைப் பார்த்தார்கள். தில்லைநாதன் கண் கலங்கி நின்றார். அது நடிப்பில்லை.

"ஏத்துங்கோ, ஏத்துங்கோ. நானும் மனுசன்தானே. எஞ்சினுக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு." அவரே தலைமாட்டைத் தாங்கிப் பரமலிங்கத்தை ஏற்றினார். றைவர் ஜீப்பை முறுக்கினான். தில்லைநாதன் கையை உயர்த்தி அவனை மறித்தார்.

"ஒரு நிமிசம், அம்மா. எஞ்சின் ஏத்தியாச்சு. ஒப்படைச்சதெண்டு இவர் கையெழுத்து வைக்காமல் ஜீப் வளவைத் தாண்டினா, அது களவு. இந்தப் பொடியனின்ரை வேலை போயிடும். அஞ்சு பிள்ளையள் அவனுக்கு."

"எஞ்சினை இறக்குங்கோ."

"இறக்கினா ஏத்தினதுக்கு ஒண்டு, இறக்கினதுக்கு ஒண்டு, ரண்டு கையெழுத்து வேணும்."

"நான் வைக்கிறன். தாங்கோ."

"காணிப் பேர்மிற் அவரின்ரை பேரிலை, அம்மா."

பத்மாசனி ஜீப்பில் ஏறினாள். புருசனின் வலது கைக்குள் பேனையை வைத்து அவனுடைய விரல்களை மூடினாள். விரல்கள் மூடவில்லை. பேனை உருண்டு எஞ்சினுக்கு அடியில் விழுந்தது.

"பேனை வேண்டாம், பேனை வேண்டாம்" என்று பரிவோடு சொன்னார் தில்லைநாதன். பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து பிடித்தார். "பெருவிரல் காணும். ஆம்பிளையளுக்கு இடது பெருவிரல். வலது குத்தினா பெரியவர் திருப்பி அனுப்பிப்போடுவார்."

அவள் புருசனின் இடது கையைத் தூக்கினாள். மணிக்கட்டுவரை வீங்கிக் கறுத்திருந்தது. பெருவிரலின் சதையில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு சிவந்த துளைகள். அதை மைப்பெட்டிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இதிலை ஏற்கெனவே ஒரு முத்திரை விழுந்து கிடக்கு, ஐயா. அதுக்கு மேலை குத்தட்டோ, பக்கத்திலை குத்தட்டோ?"